உங்கள் போனுக்கு அப்டேட் ஏன் வருவதில்லை? திருப்பிக் கொடுக்காத திருத்தங்களின் கதை!

போன் வாங்கி மூன்று வருடம்கூட ஆகியிருக்காது. ஸ்கிரீனில் ஒரு கீறல் இல்லை. பேட்டரி நிற்கிறது. கேமராவும் பழுதில்லை. ஆனால், செட்டிங்ஸில் போய் 'சாஃப்ட்வேர் அப்டேட்' என்ற இடத்தைத் தொட்டால், 'புதிய அப்டேட் எதுவும் இல்லை' என்று கூலாகச் சொல்கிறது. கீழே சின்ன எழுத்தில் செக்யூரிட்டி பேட்ச் தேதி இருக்கும். பார்த்தால், அது போன வருடத்துக்கும் முந்தைய வருடத்துத் தேதி. அந்த போனில்தான் வங்கிக் கணக்கு, ஓ.டி.பி, குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ் ரசீது எல்லாம் இருக்கிறது.

'எல்லாம் புது போன் விற்கும் தந்திரம்' என்று கம்பெனிகளைத் திட்டுகிறோம். திட்டுவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால், அதற்கு அடியில் யாரும் அதிகம் பேசாத இன்னொரு காரணம் உண்டு. கம்பெனிகள் தங்கள் தேவைக்காகச் செய்துகொண்ட சின்னச் சின்னத் திருத்தங்களை, எடுத்த இடத்தில் திருப்பிக் கொடுக்காமல் தங்களிடமே வைத்துக்கொண்டதுதான் அந்தக் காரணம்.

எடுத்த இடம் எது? ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் லினக்ஸ் கெர்னல் இருக்கிறது. 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. ஸ்கிரீன், சிப், பேட்டரி போன்ற வன்பொருளுக்கும் அதன்மேல் ஓடும் ஆப்களுக்கும் நடுவில் நின்று வேலை வாங்குகிற மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளலாம். இது ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். காசு கிடையாது.

எடுத்தவர்கள் மாற்றாமல் இருக்க மாட்டார்கள். அவரவர் மெஷினுக்கு ஏற்ப நான்கு வரி சேர்ப்பார்கள், இரண்டு வரி நீக்குவார்கள். இதற்குப் பெயர்தான் பேட்ச். கிழிந்த இடத்தில் துணி வைத்துத் தைக்கிறோமே, அந்த ஒட்டு. தைத்த ஒட்டை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ரெடிமேட் சட்டை ஒன்று வாங்குகிறீர்கள். கை ஒரு இன்ச் நீளம். தெருமுனை டெய்லரிடம் கொடுத்து ஆல்டர் செய்துகொள்கிறீர்கள். ஒரு சட்டைக்குச் சரி. ஆனால், லினக்ஸில் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுச் சட்டை வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே கையை அதே ஒரு இன்ச் குறைக்க வேண்டும். போன முறை தையல் போட்ட இடத்தில் இந்த முறை பட்டன் வைத்திருப்பார்கள். ஆல்டரேஷனை முதலிலிருந்து யோசிக்க வேண்டும். சட்டை தைக்கிற இடத்துக்கே போய், 'இந்த அளவில் கை ஒரு இன்ச் நீளமாக இருக்கிறது' என்று ஒரு தடவை புரியவைத்துவிட்டால், அடுத்த சட்டை சரியாகவே வந்துவிடும். உங்களுக்கு மட்டுமல்ல, அதே அளவு உள்ள எல்லோருக்கும்.

இவ்வளவு எளிய கணக்கு பெரிய கம்பெனிகளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம், 2009 அக்டோபரில் டோக்கியோவில் நடந்த லினக்ஸ் கெர்னல் டெவலப்பர்களின் கூட்டத்தில் வெளிவந்தது. தங்கள் சர்வர்களில் லினக்ஸை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று கூகுள் இன்ஜினீயர் மைக் வேச்சிசன் அங்கே விளக்கினார். 2.6.26 என்ற வெர்ஷனின் மேல் கூகுள் வைத்திருந்த சொந்த பேட்ச்கள் 1,208. சேர்த்த வரிகள் ஏறக்குறைய 3 லட்சம். இதற்காகவே சுமார் 30 இன்ஜினீயர்கள். சுமார் 17 மாதத்துக்கு ஒருமுறை, அத்தனை மூட்டையையும் தூக்கிக்கொண்டு புது வெர்ஷனுக்குக் குடிபெயர வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த பேட்ச்களில் கால்வாசி, புதிய லினக்ஸ் வெர்ஷன்களில் ஏற்கெனவே வந்துவிட்ட விஷயங்களைத் தங்கள் பழைய வெர்ஷனுக்குள் கொண்டுவந்து தைத்தவை. கடையில் புதுச் சட்டை தொங்குகிறது. அதன் காலரை மட்டும் வெட்டிவந்து பழைய சட்டையில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள், உலகின் மிகச்சிறந்த இன்ஜினீயர்கள். ஃபேஸ்புக் கதையும் கிட்டத்தட்ட இதேதான். மைஎஸ்க்யூஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸின் 5.6 வெர்ஷனிலிருந்து 8.0-க்கு மாறியபோது, புதிதில் ஒட்டவைக்க வேண்டியிருந்த சொந்த பேட்ச்கள் 1,700-க்கும் மேல் என்று 2021-ல் அவர்களே எழுதினார்கள். அந்த மாற்றத்துக்கு வருடக்கணக்கில் ஆனது.

கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் 30 பேரை உட்கார வைக்க வசதி இருக்கிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் அந்த பேட்ச்சை எழுதியவர் ஒரே ஒருவர்தான். அவர் வேறு வேலைக்குப் போன மறுநாள் அந்த ஒட்டு அநாதை. எதற்காகப் போட்டது என்று யாருக்கும் தெரியாது, எடுத்தால் என்ன உடையும் என்றும் தெரியாது. பயந்துபோய் பழைய வெர்ஷனிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அதன் பிறகு வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் அந்த வீட்டுக்குள் வராது.

சரி, சட்டம் எதுவும் இல்லையா?

இருக்கிறது. ஆனால், நாம் நினைக்கிற மாதிரி இல்லை. லினக்ஸின் ஜி.பி.எல் லைசென்ஸ், 'மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுத்தால், அதன் சோர்ஸ் கோடையும் சேர்த்துக் கொடு' என்கிறது. தன் கட்டடத்துக்குள் தன் சர்வரில் மட்டும் ஓட்டிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. போன் கம்பெனிகள் போனை விற்கின்றன, எனவே கோடைத் தர வேண்டும். பெரிய கம்பெனிகள் தரவும் செய்கின்றன. எப்படி? வெப்சைட்டின் ஏதோ ஒரு மூலையில், ஒரு பெரிய ஜிப் ஃபைலாக. எது பழையது, எது மாற்றியது, ஏன் மாற்றியது என்ற விவரமெல்லாம் அதில் எதிர்பார்க்கக் கூடாது. சட்டப்படி கடமை முடிந்தது. ஆனால், கல்யாணத்துக்கு வந்து மொய்க் கவரை மேடைக்குக் கீழே போட்டுவிட்டுப் போவதுபோலத்தான் அது. கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். போய்ச் சேராது.

போய்ச் சேர வேண்டுமென்றால், வரிசையில் நிற்க வேண்டும். லினக்ஸின் ஒவ்வொரு பகுதிக்கும் மெயின்டெய்னர் என்று ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அவரிடம் பேட்ச்சைத் துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டும் என்ன செய்கிறது என்ற விளக்கத்தோடு அனுப்ப வேண்டும். 'இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது' என்று அடியில் பெயர் போட்டு உறுதி கொடுக்க வேண்டும். லினக்ஸுக்குள் தங்கள் கோடு இருக்கிறது என்று எஸ்.சி.ஓ என்ற கம்பெனி 2003-ல் ஐ.பி.எம் மீது வழக்குப் போட்டதற்குப் பிறகு, 2004-ல் வந்த வழக்கம் இது. அதனால், பேட்ச்சை அனுப்பும் முன் கம்பெனியின் சட்டப் பிரிவிலும் அனுமதி வாங்க வேண்டும். பல நல்ல பேட்ச்கள் இந்த மேஜையைத் தாண்டுவதே இல்லை. மேனேஜருக்கோ, முடிந்துபோன வேலைக்கு மறுபடி இரண்டு வாரம் எதற்கு என்ற கேள்வி.

தாண்டி வந்தாலும் உடனே மாலை மரியாதை கிடைக்காது. 'இது உன் மெஷினுக்கு மட்டும்தான் சரியாக வரும், எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிக்கொண்டு வா' என்று திருப்பி அனுப்புவார்கள். பொதுவில், எல்லோர் கண்ணெதிரிலும். ரோஷப்பட்டுப் போனவர்கள் நிறைய.

மெயின்டெய்னர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பேட்ச்சை வாங்கிக்கொள்வது என்பது இனாம் வாங்குவது அல்ல. கொடுத்தவர் நாளை காணாமல் போனால், அதைக் கட்டிக்கொண்டு அழப்போவது வாங்கியவர்தான். அதோடு, வருகிற எல்லாக் கையும் நல்ல கை அல்ல. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்.இசட் என்ற கருவியில் அதுதான் நடந்தது. களைத்துப்போயிருந்த ஒரே மெயின்டெய்னருக்கு உதவ, 'ஜியா டான்' என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்லபிள்ளையாக பேட்ச்கள் அனுப்பினார். நம்பிக்கை வந்து சாவி கைமாறியதும், கள்ளக் கதவு ஒன்றைச் சொருகினார். லாகின் ஆவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினீயரால்தான் 2024 மார்ச்சில் அது பிடிபட்டது. மெயின்டெய்னர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பது இப்போது கொஞ்சம் புரியலாம்.

தூங்கவிடாத பூட்டு

ஆண்ட்ராய்டு விஷயத்துக்கு வருவோம். நம் போன் பிரச்னையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தபோது, அதிலிருந்த லினக்ஸில் கூகுள் பல மாற்றங்களைச் செய்திருந்தது. அதில் ஒன்று 'வேக்லாக்'. போனின் பேட்டரி சின்னது. எனவே, சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் மொத்தமாகத் தூங்கிவிட வேண்டும். ஆனால், அழைப்பு வரும்போதும் பாட்டு ஓடும்போதும் தூங்கக் கூடாது. 'நான் வேலையில் இருக்கிறேன், தூங்காதே' என்று ஒரு புரோகிராம் பிடித்துவைக்கும் பூட்டுதான் வேக்லாக். ஊரில் யார் யாரோ எழுதும் ஆப்களை நம்பி பேட்டரியை விட முடியாது என்பது கூகுளின் நியாயம்.

லினக்ஸ்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. போனுக்காக மட்டும் இப்படி ஒரு தனிப் பூட்டு எதற்கு, லினக்ஸில் இருக்கும் மின்சாரச் சிக்கன வழிகளையே சீர்செய்யலாமே என்றார்கள். ஆண்ட்ராய்டுக்கான வேறு சில பகுதிகள் லினக்ஸின் 'ஸ்டேஜிங்' என்ற சோதனைப் பகுதியில் சேர்க்கப்பட்டிருந்தன. அதாவது திண்ணை வரை வந்தாயிற்று. உள்ளே கூட்டிப்போய்ப் பராமரிக்க ஆளில்லை. 2010 தொடக்கத்தில் வந்த 2.6.33 வெர்ஷனில் அவற்றை மொத்தமாக நீக்கினார் மெயின்டெய்னர் கிரெக் குரோ ஹார்ட்மன்.

நீக்கியதோடு அவர் நிற்கவில்லை. ஏன் இது எல்லோருக்கும் நஷ்டம் என்று 2010 பிப்ரவரியில் விளக்கியும் எழுதினார். அந்த விளக்கத்தில் இருப்பதுதான் நம் போனின் தலையெழுத்து. ஆண்ட்ராய்டு போனுக்கு சிப் செய்யும் கம்பெனிகள், அந்த சிப்பை இயக்கும் டிரைவர்களை வேக்லாக் இருக்கிறது என்று நம்பி எழுதுகின்றன. மூல லினக்ஸில் வேக்லாக் கிடையாது. எனவே, அந்த டிரைவர்களும் அங்கே போக முடியாது. கூகுள் திருப்பிக் கொடுக்காத ஒரு பேட்ச், அதன்மேல் கட்டிய எல்லோரையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது.

அதே வருடம் கூகுளின் ஆர்வே ஹ்யோனவோக் வேக்லாக்கை வேறு பெயரில் திருத்தி அனுப்பினார். நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல்கள் பறந்தன. ஏற்கவில்லை. ஆனால், அந்தச் சண்டையில் ஒரு விஷயம் நடந்தது. பிரச்னை உண்மையானது என்று எதிர்த்தவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. போலந்தைச் சேர்ந்த ரஃபேல் வைசாக்கி, அதே வேலையை வேறு வழியில் செய்யும் ஏற்பாட்டை எழுதினார். அது கட்டம் கட்டமாக வளர்ந்து, 2012-ல் வந்த 3.5 வெர்ஷனில் ஆண்ட்ராய்டு பாணித் தூக்கமும் வேக்லாக்கும் லினக்ஸில் இடம்பிடித்தன. அதற்குச் சில மாதம் முன்பு, 3.3-ல் கூகுளின் மற்ற பகுதிகளும் திண்ணைக்குத் திரும்பியிருந்தன.

கவனித்தீர்களா? கூகுள் எழுதிய வேக்லாக் கோடு உள்ளே போகவில்லை. அவர்களின் தேவைதான் உள்ளே போனது. திருப்பிக் கொடுக்கிறவர்களுக்கு இதுதான் ஜீரணிக்கக் கஷ்டமான விஷயம். ராத்திரி பகலாக எழுதியதை வாங்கிப் பார்த்துவிட்டு, 'உன் பிரச்னை புரிகிறது, இதை வேறு ஒருவர் வேறு மாதிரி எழுதுவார்' என்பார்கள்.

ஆனால், இந்த நான்கைந்து வருடங்களில் கடைமடையில் வயல் காய்ந்துவிட்டது. மூல லினக்ஸைத் தலைமடை என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து கூகுள் எடுக்கிறது, ஆண்ட்ராய்டுக்கான ஒட்டுகளைப் போடுகிறது. அதை சிப் கம்பெனி எடுக்கிறது, தன் ஒட்டுகளைப் போடுகிறது. அதை போன் கம்பெனி எடுத்து, மாடலுக்கு மாடல் இன்னும் கொஞ்சம் போடுகிறது. கடைசியில் நம் கைக்கு வரும் போனில் ஓடும் கெர்னல் கோடில் பாதி வரைகூட, மூல லினக்ஸிலோ கூகுளின் பொது கெர்னலிலோ இல்லாததாக இருக்கலாம் என்று கூகுளின் ஆவணமே சொல்கிறது. தலைமடையில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் திறந்துவிட்டால், அது ஒவ்வொரு மடையிலும் யாரோ ஒருவர் கையால் வெட்டிவிட்டால்தான் கீழே இறங்கும். பழைய மாடலுக்கு மண்வெட்டி பிடிக்க ஆள் ஏது?

இருபது மாத இடைவெளி

இது ஏதோ தத்துவ விசாரம் அல்ல. ஆப்களுக்கு இடையே செய்தி கொண்டுபோகும் 'பைண்டர்' என்ற ஆண்ட்ராய்டு பகுதியில் ஓர் ஓட்டை இருப்பதை, தானாகச் சோதிக்கும் கருவி ஒன்று 2017 நவம்பரில் கண்டுபிடித்தது. 2018 பிப்ரவரியில் திருத்தமும் வந்துவிட்டது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

2019 அக்டோபரில் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோன், அதே ஓட்டை வழியாக நிஜமான போன்களுக்குள் புகுந்துகொண்டிருக்கிறார்கள் என்று அறிவித்தார். சி.வி.இ-2019-2215 என்பது அதன் எண். திருத்தம் தலைமடையில் இருந்தது, ஆனால் ஆண்ட்ராய்டின் மாதாந்தரப் பாதுகாப்பு அறிக்கையில் சேரவே இல்லை. அதனால், ஏற்கெனவே விற்ற பல போன்களுக்குப் போகவில்லை. பாதிக்கப்பட்ட பட்டியலில் சாம்சங் எஸ்7, எஸ்8, எஸ்9 இருந்தன. நம் ஊரில் சக்கைப்போடு போட்ட ரெட்மி 5ஏ, ரெட்மி நோட் 5 இருந்தன. அட, கூகுளே விற்ற பிக்ஸல், பிக்ஸல் 2 போன்களும் இருந்தன! மருந்து கடையில் இருக்கிறது, நோயாளி வீட்டில் கிடக்கிறார், நடுவில் இருபது மாதம்.

திருப்பிக் கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்றும் பார்க்கலாம். அதே கூகுளில் 2006-ல் பால் மெனேஜ், ரோஹித் சேத் என்ற இரண்டு இன்ஜினீயர்கள், ஒரு சர்வரில் ஓடும் பல வேலைகளுக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு சி.பி.யு என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு அலமாரி ஒதுக்குவது மாதிரி. இது வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால், அந்த 1,208-ல் இன்னும் சில எண்ணிக்கையாகப் போயிருக்கும். வரிசையில் நின்று, பெயரைக்கூட மாற்றிக்கொண்டு, 'சி-குரூப்ஸ்' என்று 2008 ஜனவரியில் 2.6.24 வெர்ஷனில் சேர்ந்தது. அதன்மேல்தான் 2013-ல் டாக்கர் வந்தது. இன்று ஐ.டி கம்பெனி இன்டர்வியூக்களில் 'கன்டெய்னர் தெரியுமா?' என்று கேட்கிறார்களே, அதன் அஸ்திவாரத்தில் இருப்பது இந்த பேட்ச்தான். பின்னாளில் தேஜுன் ஹியோ என்பவர் அதைப் புதிதாக வடிவமைத்து, 2016-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. எழுதியவர்கள் கைவிட்டாலும் சுமக்க ஆள் வந்துவிட்டார்கள். வீட்டில் பூட்டி வைத்த பேட்ச்சுக்கு அந்த யோகம் கிடையாது.

நெட்ஃப்ளிக்ஸ் இன்னும் சுவாரஸ்யம். படங்களை நம் வீட்டுக்கு அனுப்பும் அவர்களின் சர்வர்களில் ஓடுவது ஃப்ரீ-பி.எஸ்.டி. அதன் லைசென்ஸ் எதையும் திருப்பிக் கேட்பதே இல்லை. எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனாலும், வளர்ந்துகொண்டிருக்கும் புத்தம் புது வெர்ஷனையே அவர்கள் ஓட்டுகிறார்கள், தங்கள் திருத்தங்களைத் தொடர்ந்து அங்கேயே சேர்க்கிறார்கள். வீடியோவை ரகசியக் குறியீட்டில் வேகமாக அனுப்ப அவர்கள் உருவாக்கிய வசதி, 2021-ல் வந்த 13-ம் வெர்ஷனில் எல்லோருக்கும் கிடைத்தது. இது தர்ம சிந்தனை அல்ல, மூட்டையைக் குறைக்கும் சாமர்த்தியம். சாமர்த்தியத்தால் ஊருக்கு நன்மை கிடைத்தால் யாருக்கு என்ன கஷ்டம்?

கூகுளும் மெதுவாக அந்த வழிக்கு வந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 12-ஓடு 5.10 கெர்னலில் வரும் போன்களில், எல்லோருக்கும் பொதுவான ஒரே கெர்னல்தான் இருக்க வேண்டும், சிப் கம்பெனியின் சமாசாரங்கள் தனித்தனி மாட்யூல்களாக வெளியே இருக்கட்டும் என்று கட்டாயமாக்கியது. புதிதாக எழுதுவதை முதலில் மூல லினக்ஸுக்கு அனுப்பி, பிறகே ஆண்ட்ராய்டில் சேர்க்கும் முறைக்குப் போவதாக 2021-ல் அதன் இன்ஜினீயர்கள் சொன்னார்கள். 2023-ல் பிக்ஸல் 8-க்கும், 2024-ல் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தார்களே, இந்த மாதிரி வேலைகள் நடக்காமல் அப்படியொரு வாக்குறுதியை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். பத்தாயிரம் ரூபாய் போனுக்கு அந்த வாக்குறுதி எப்போது வரும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. அடுத்த முறை போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்கும் வாயால், எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாது. பரவாயில்லை, பத்துப் பேர் கேட்டால் தெரிந்துகொள்வார்.

அந்த பைண்டர் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? 2015-ல் திண்ணையிலிருந்து லினக்ஸின் வீட்டுக்குள் வந்தது. பிறகு, இப்படிப்பட்ட ஓட்டைகள் எளிதில் விழாத ரஸ்ட் என்ற மொழியில் கூகுள் அதை மறுபடி எழுதியது. இந்த முறை போனில் போட்டுவிட்டுப் பிறகு வந்து கதவைத் தட்டவில்லை. 2023 நவம்பரிலேயே ஆலிஸ் ரீல் என்ற கூகுள் இன்ஜினீயர், மூல லினக்ஸ்காரர்கள் முன் அதைக் கருத்துக்கு வைத்தார். இரண்டு வருடம் திருத்தி, திருத்தி, 2025 கடைசியில் வந்த 6.18 வெர்ஷனில் அது சேர்ந்தது. சேர்த்துக்கொண்ட மெயின்டெய்னர், 2010-ல் ஆண்ட்ராய்டு கோடைத் தூக்கி வெளியே வைத்த அதே கிரெக் குரோ ஹார்ட்மன்.